யாருடைய வீட்டில் தங்குவது?

எங்கள் திருமணத்தின் நாற்பதாவது ஆண்டு நிறைவுக்குப் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து ஒரு கடித உறையைத் தந்தார்கள். அதனுள் பணமும் சிறு குறிப்பொன்றும் இருந்தன. குளிர்காலத்தில் சில நாட்களாவது வெயிலுள்ள ஒரு தீவுக்குப் போய், ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு வரவேண்டும் என்பது அவர்களது அன்புக் கட்டளை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரே வேலை என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள்.

இக்கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். எனவே ஒருவரைப் பற்றித் தனித்துச் சொல்ல நேரும்போது ‘எங்களில் மனைவி’ என்றும் ‘எங்களில் கணவர்’ என்றும் எழுதுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

யாழ்ப்பாணக் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1980களின் இறுதியில் கனடாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். ரொறன்ரோ நகரின் பெரிய விடுதி ஒன்றில் எங்களில் மனைவி இருபத்தேழு ஆண்டுகள் அறைகளை ஒழுங்கு செய்தார். எங்களில் கணவர் அதே விடுதியின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவினார். பின்னர் காய்கறி நறுக்கினார்; கடைசிப் பத்து ஆண்டுகள் காலை உணவுக்குப் பொறுப்பாக இருந்தார். ஒரு விடுதிக்குள் முன்வாசல் வழியாக நுழைந்து, சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு கட்டிலில் விருந்தினராகப் படுத்த அனுபவம் எங்கள் இருவருக்கும் அதுவரை இருந்ததில்லை.

ஆகவே, எந்த விடுதியில் தங்குவது என்ற கேள்வி எங்களுக்கு வெறும் செலவுக் கணக்காக இருக்கவில்லை.

மூத்த மகள் தெளிவாகச் சொன்னாள்: “அம்மா, சாப்பாடு, குடிவகை, படகுச் சவாரி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும் பெரிய விடுதிக்குப் போங்கோ. கையில் ஒரு பட்டி கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.” அவள் சொன்னதில் தவறொன்றும் இல்லை. ஆயினும் அந்தக் கைப்பட்டியின் மறுபக்கம் எங்களுக்குத் தெரியும். நாளொன்றுக்கு 16 அறைகள். ஓர் அறைக்கு அரைமணி நேரத்திற்கும் குறைவு. விருந்தினர் கண்ணில் படாதபடி பின்படிக்கட்டால் ஏறி இறங்க வேண்டும். வழியில் எதிர்ப்பட்டால் புன்னகைத்து ஒதுங்க வேண்டும். நீண்ட மேசைகளில் பரப்பிவைத்த உணவில் எவ்வளவு உண்ணப்படுகிறது, எவ்வளவு கொட்டப்படுகிறது என்பதைப் பாத்திரம் கழுவும் கைதான் அறியும். இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. அந்தச் சம்பளமே எங்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. ஆனால் அந்த மேசையின் மறுபக்கத்தில் போய் அமர மனம் வரவில்லை.

எந்தத் தீவு என்பதில் எங்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. எங்களில் மனைவியோடு சலவைப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்த ஒரு பெண், சென்ற் லூசியாத் தீவைச் சேர்ந்தவர். இடைவேளைகளில் அவர் தம் ஊரின் கடலையும் மலைகளையும் பற்றிச் சொல்வார். நாங்கள் எங்கள் ஊரின் கடலைப் பற்றிச் சொல்வோம். “என் தீவுக்கு வந்தால் மதிலுக்குள் தங்காதீர்கள், யாராவது ஒருவருடைய வீட்டில் தங்குங்கள்” என்று அவர் பலமுறை சொன்னதுண்டு. அவர் இன்று இல்லை. அவருடைய சொல் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

கரிபியன் கடலின் கீழ்த்திசை ஓரத்தில், வடக்கே மார்ட்டினிக்கும் தெற்கே சென்ற் வின்சன்றும் இருக்க, நடுவே கிடக்கிறது சென்ற் லூசியா. ஏறத்தாழ 43 கிலோமீற்றர் நீளம், 22 கிலோமீற்றர் அகலம். சீரக்கூஸ் நகரத்து மறைசாட்சியான புனித லூசியாவின் பெயரைத் தாங்கிய நாடு அது. அப்புனிதையின் திருநாளான டிசெம்பர் 13 அங்கே தேசிய நாள். பிரெஞ்சுக்காரருக்கும் பிரித்தானியருக்கும் இடையே பதினான்கு முறை கைமாறி, 1814இல் பிரித்தானியரிடம் நிலைபெற்று, 1979 பெப்ரவரி 22ஆம் நாள் சுதந்திரம் அடைந்தது. அரச மொழி ஆங்கிலம்; வீட்டு மொழியோ பிரெஞ்சுச் சொற்களில் முளைத்த கிரெயோல். மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர்.

தவக்காலம் தொடங்குவதற்கு முன்னர் திரும்பிவிட வேண்டும் என்று 2024 ஜனவரியின் கடைசி வாரங்களைக் குறித்தோம். அதற்கு வேறு காரணமும் இருந்தது. அக்கடலில் புயற்காலம் யூன் முதல் நவம்பர் முடியும்வரை. டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. ஆனால் வாடகை அதிகம். மழைக்காலத்தில் வாடகை குறையும். புயலின் அச்சம் கூடும். எங்கள் வயதுக்கு வாடகையைக் கூட்டிக்கொடுத்து அச்சத்தைக் குறைத்துக்கொள்வதே தக்கதெனத் தோன்றியது.

அடுத்ததாக, தீவின் எந்தப் பக்கம் என்ற கேள்வி. அங்கே காற்று ஆண்டு முழுவதும் பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசுகிறது. ஆகவே அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கிய கீழ்க்கரையில் அலை கடுமை. கரிபியன் கடலை நோக்கிய மேற்கரையில் அமைதி. 2011 முதல் சார்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசி பெருந்திரளாக மிதந்து வந்து, பல ஆண்டுகளில் கீழ்க்கரைகளில் குவிந்து அழுகுகிறது. அதன் நாற்றம் அறைக்குள்ளும் வரும். மேற்கரையில் இத்தொல்லை குறைவு. பெரிய விடுதிகள் பலவும் வடமேற்கு மூலையில் இருக்கின்றன. ரொறன்ரோவிலிருந்து செல்லும் விமானம் இறங்குவதோ தென்கோடியில். அங்கிருந்து வடக்கே போக, மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். மேற்கரையில் பாதிவழியில் உள்ளது சூஃப்ரியேர் என்ற பழைய ஊர். கந்தகம் என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஊருக்கு அருகே இன்றும் கந்தக ஊற்றுகள் கொதிக்கின்றன. தெற்கே கடலிலிருந்து நேராக எழும் பித்தோன் என்ற இரட்டை மலைகள். பெரியது சுமார் 770 மீற்றர், சிறியது 743 மீற்றர். 2004இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் தோழி பிறந்த ஊரும் அதுவே.

ஊர் முடிவாயிற்று, வீடு முடிவாகவில்லை. மேசைமேல் இரண்டு விடுதிகளின் படங்கள் எஞ்சின.

முதலாவது, மலைச்சரிவில் அமைந்த அழகிய விடுதி. அறையின் ஒரு பக்கத்தில் சுவரே இல்லை. கட்டிலில் படுத்தபடியே இரட்டை மலைகளைக் காணலாம். எங்களில் கணவர் அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் நிலக்கீழ்ச் சமையற்கட்டில் நின்றவருக்குச் சுவரில்லாத அறை ஒரு கனவு. இரண்டாவது, ஊரின் ஓரத்தில் ஏழு அறைகள் மட்டுமே கொண்ட இரண்டடுக்கு வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குச் சொந்தமானது. நீச்சற் குளம் இல்லை. கடற்கரை நடந்துபோகும் தூரத்தில் இருந்தது; எரிமலை மண்ணாதலால் மணல் சாம்பல் நிறம்.

படங்களை எங்களில் மனைவி வேறுவிதமாகப் பார்த்தார். அறையின் மூலையில் நின்று எடுத்த படம் எந்த அறையையும் பெரிதாக்கிக் காட்டும் என்பதை அவர் அறிவார். அவர் பார்த்தவை மூன்று: குளியலறை ஓடுகளின் இடைக்கோடு வெள்ளையாக இருக்கிறதா, திரைச்சீலையின் கீழ்விளிம்பு கறுத்திருக்கிறதா, கட்டில் சுவரோடு ஒட்டியிருக்கிறதா, இருபுறமும் இடம் விட்டிருக்கிறதா. “கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறவர்கள், அதை விரிக்கிறவளின் முதுகை நினைப்பதில்லை” என்றார். ஏழு அறை வீட்டில் கட்டிலின் இருபுறமும் இடம் இருந்தது.

பிறகு இரண்டு இடங்களுக்கும் தொலைபேசியில் பேசினோம். மலைச்சரிவு விடுதியில் இனிமையாகப் பதில் சொன்னார்கள். அறைவரை எத்தனை படிகள் என்று கேட்டோம். “சில படிகள்தான்” என்றார்கள். எண்ணிக்கையை வற்புறுத்திக் கேட்டபோது எண்பதுக்கு மேல் என்று தெரிந்தது. எங்களில் மனைவியின் முழங்கால்கள் அந்த இருபத்தேழு ஆண்டுகளின் கணக்கை இன்னும் செலுத்திக்கொண்டிருக்கின்றன. கனவு அங்கேயே நின்றது.

ஏழு அறை வீட்டில் உரிமையாளரே தொலைபேசியை எடுத்தார். நாங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் வந்தது. படிகள் பதினான்கு. வெயிற்காலத்தில் குழாய்நீர் சிலவேளை நிற்கும். கூரையோரத்தில் தாங்கி உண்டு, ஆனால் சிக்கனம் வேண்டும். காலை உணவு தருவோம். இரவு உணவுக்கு முதல்நாளே சொல்ல வேண்டும். அயல்வீட்டுச் சேவல் நாலு மணிக்குக் கூவும். அதைத் தம்மால் நிறுத்த முடியாது. வாடகையோடு பத்து வீதச் சேவைக் கட்டணமும் அரசாங்க வரியும் சேரும். 2020 டிசெம்பரில் கொண்டுவரப்பட்ட, தலைக்கு இரவொன்றுக்கான சுற்றுலா வரியும் சேரும். அவற்றையெல்லாம் கூட்டி மொத்தத் தொகையைச் சொன்னார். பிறகு அவர் எங்களைக் கேட்கத் தொடங்கினார். இருவருக்கும் என்ன வயது? மாடியா, கீழ்த்தளமா நல்லது? என்ன சாப்பிட மாட்டீர்கள்? ஞாயிறு திருப்பலிக்குப் போவீர்களா?

தொலைபேசியை வைத்தபின் எங்களில் கணவர் சொன்னார்: “அந்த விடுதி எங்களிடம் பண அட்டையின் இலக்கத்தைக் கேட்டது. இந்த அம்மா எங்களைப் பற்றிக் கேட்டார்.” மலைகளின் படத்தை அவரே எடுத்து மடித்து வைத்தார்.

விமானத்திலிருந்து இறங்கி, இடப்பக்கமாக ஓடும் வாடகைக் காரில் ஒருமணி நேரம் வளைந்து வளைந்து சென்றோம். ஒரு திருப்பத்தில் இரட்டை மலைகள் திடீரென்று முன்னால் நின்றன. கட்டிலில் இருந்து பார்த்தால்தான் மலை என்பதில்லை என்று எங்களில் கணவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அறைக்குள் நுழைந்ததும் சுவரில் மூன்று துளை மின்செருகியைக் கண்டோம். கனடாவில் காணாத, ஊரில் கண்டு பழகிய அதே பிரித்தானிய வகை. ஒரே அரசு ஆண்ட இரண்டு தீவுகள் என்பதை அந்தச் சிறு துளைகள் நினைவூட்டின.

அங்கே நாங்கள் கற்ற முதற்பாடம் வணக்கம் சொல்வது. கடையில் போய் “ரொட்டி இருக்கிறதா” என்று கேட்டால் பதில் வராது. முதலில் காலை வணக்கம், பிறகுதான் கேள்வி. வீதியில் எதிர்ப்படும் அந்நியருக்கும் அப்படியே. பெருநகரத்தின் அவசரத்தில் நாங்கள் இழந்த ஒன்றை அவ்வூர்ச் சிறுவர்கள் எங்களுக்குத் திருப்பிக் கற்பித்தார்கள்.

எல்லாம் இனிதாக இருந்ததென்று சொல்ல மாட்டோம். இரண்டாம் நாள் தண்ணீர் நின்றது, வாளியில் குளித்தோம். வெந்நீர் வந்த நேரங்களைவிட வராத நேரங்கள் அதிகம். சேவல் நாலு மணிவரை காத்திருக்கவில்லை, மூன்றரைக்கே கூவியது. அறையும் படத்தில் கண்டதைவிடச் சிறியது. இதே பணத்துக்கு வடக்கே நீச்சற் குளமும் குளிர்காற்றும் கிடைத்திருக்குமே என்று எங்களில் கணவர் ஒருமுறை முணுமுணுத்தார். அதற்காக அரைநாள் எங்களுக்குள் பேச்சு நின்றதும் உண்மை.

ஆனால் நாங்கள் சொல்ல வந்த செய்தி வேறு. எங்களில் மனைவி முதல் நாள் காலையிலேயே ஐந்து மணிக்கு எழுந்து படுக்கையை விரித்தார். மூலைகளை மடித்து, தலையணைகளைத் தட்டி நிமிர்த்தி, குளியலறையைத் துடைத்து, வாசலையும் கூட்டிவிட்டார். “பாவம், வருகிறவளுக்கு ஒரு வேலையாவது குறையட்டும்” என்பது அவருடைய எண்ணம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் அறை ஒழுங்கு செய்யும் பெண் வந்து வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். காலை வணக்கம் சொல்லிவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்: “அம்மா, என் வேலையில் என்ன குறை கண்டீர்கள்?”

நாங்கள் திகைத்துப் போனோம். குறை எதுவும் இல்லை, உதவியே செய்தோம் என்றோம். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். அந்த வீட்டில் அவருக்கு நாட்கூலி. எத்தனை அறைகளில் ஆள் இருக்கிறதோ அதைப் பார்த்தே எத்தனை நாள் வரவேண்டும் என்று முடிவாகும். ஓர் அறை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று ஆகிவிட்டால், அடுத்த வாரம் அவருக்கு ஒருநாள் குறையலாம். “நீங்கள் நல்லவர்கள் என்று தெரிகிறது. ஆனால் எனக்கு வேலையை விட்டுவையுங்கள்” என்றார்.

எங்களில் மனைவி நெடுநேரம் பேசவில்லை. பின்னர் தம் இரு கைகளையும் நீட்டிக் காட்டினார். சவர்க்கார நீரில் ஊறி வெடித்த விரல்களையும் தடித்த மணிக்கட்டையும் அந்தப் பெண் பார்த்தார். விளக்கம் தேவைப்படவில்லை. “எத்தனை அறைகள்?” என்று மட்டும் கேட்டார். “பதினாறு.” அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டார், இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அன்று ஒருநாள் மட்டும் இருவரும் சேர்ந்து படுக்கையை விரித்தார்கள். கட்டிலின் அந்தப்பக்கம் ஒருவர், இந்தப்பக்கம் ஒருவர். மூலையை மடிக்கும் முறை இருவருக்கும் வேறாக இருந்தது. எது நல்லது என்று ஒரு சிறு வாதமும் நடந்தது. மறுநாளிலிருந்து எங்களில் மனைவி விறாந்தையில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தார். தமக்காக இன்னொருவர் படுக்கை விரிக்க, தாம் சும்மா இருக்கும் முதல் நாள் அது. முகம் கடலைப் பார்த்திருந்தது. காது மட்டும் அறைக்குள்ளேயே இருந்தது. துணி உதறும் ஓசை கேட்டபோது அவர் கண் கலங்கியதை எங்களில் கணவர் கண்டார், காணாதவர்போல் இருந்துவிட்டார்.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. விருந்தினராய் இருப்பதற்கு அதிகாரம் இல்லை. அது தானாக வருவது என்று நினைத்திருந்தோம். பிறருக்குச் செய்வதில் ஒரு பெருமை இருக்கிறது. பிறர் செய்வதை ஏற்பதற்கு அந்தப் பெருமையை இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது. பெரிய வியாழன் தோறும் பாதம் கழுவும் சடங்கைக் காணும்போது, இராயப்பர் முதலில் ஏன் மறுத்தார் என்று நாங்கள் பெரிதாக யோசித்ததில்லை. சூஃப்ரியேரின் விறாந்தையில் அது எங்களுக்கு ஓரளவு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோவிலில் திருப்பலி கண்டோம். இன்னொரு நாள் சிறு பேருந்தில் தலைநகர் காஸ்திரீசுக்குப் போனோம். அங்கே பேராலயத்தின் சுவர்களில் டன்ஸ்டன் சென்ற் ஓமர் தீட்டிய புனிதர்கள் யாவரும் கறுத்த முகத்தினர். அந்நாட்டுக் கொடியை வடிவமைத்தவரும் அவரே. 1986 ஜூலையில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அத்தீவுக்கு வந்தார். வழியில் ரோசோ பள்ளத்தாக்கின் ஆலயத்திலும் அவருடைய ஓவியம் உண்டு. திருக்குடும்பம் அங்கே அப்பள்ளத்தாக்கின் உழைப்பாளர் நடுவில் நிற்கிறது. தம்மிடம் வேலைசெய்யும் மக்களின் முகத்தைப் பீடத்தின்மேல் வைத்துப் பார்க்கத் துணிந்த ஊர் அது. இருபத்தேழு ஆண்டுகளில் தம் முகத்தை நிமிர்ந்து பார்த்த விருந்தினர் எத்தனை பேர் என்று எங்களில் மனைவி அன்று எண்ணிப்பார்த்தார். விரல்கள் மிஞ்சின.

அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் வாழைத் தோட்டங்கள். ஒரு காலத்தில் தீவு வாழ்ந்ததே வாழையால். பிரித்தானியச் சந்தையில் அதற்கிருந்த சலுகை, 1997இல் உலக வர்த்தக அமைப்பில் தீர்ப்பு வந்தபின் தளர்ந்தது. சிறு விவசாயிகள் பலர் தோட்டத்தைக் கைவிட்டார்கள். இன்று தீவின் பெரும் வருமானம் எங்களைப் போன்ற விருந்தினரிடமிருந்தே வருகிறது. வருகிற பணம் அங்கே தங்குகிறதா என்பது நாம் எங்கே தங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. கட்டணம் முழுவதும் வெளிநாட்டில் செலுத்தப்பட்டு, உணவும் கப்பலில் இறங்கினால், தீவுக்கு எஞ்சுவது சம்பளமும் வரியும்தான். ஏழு அறை வீட்டில் முட்டை பின்வீட்டிலிருந்து வந்தது. மீன் காலையில் கரைக்கு வந்த படகிலிருந்து வந்தது. சுட்ட ஈரப்பலாவும், பச்சை வாழைக்காயோடு சேர்த்துச் சமைத்த உப்பு மீனும் உண்டோம். ரொட்டியும் பருப்பும் அங்கே உண்டு. 1859 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர் விட்டுச்சென்ற சுவை அது. யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதை எங்கள் கண்ணாலேயே காண முடிந்தது.

பெரிய விடுதிகளைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. எங்கள் அறையை ஒழுங்கு செய்த பெண்ணின் தங்கை வடக்கே அப்படிப்பட்ட ஒன்றில்தான் வேலை செய்கிறார். மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று அக்காவே பெருமையோடு சொன்னார். சிறிய வீடென்றால் நீதியும் தானாக வந்துவிடாது. நாட்கூலியின் அச்சத்தை நாங்கள் கண்டது அந்தச் சிறிய வீட்டில்தான். புறப்படுமுன் எங்களில் கணவர் இதை உரிமையாளரிடம் பணிவோடு எடுத்துச் சொன்னார். அந்த அம்மையார் உடனே இணங்கவில்லை. ஏழு அறையில் மூன்று வெறுமையாய்க் கிடக்கும் மாதங்களின் கணக்கைக் காட்டினார். அதுவும் உண்மைக் கணக்கே. ஆயினும் ஆள் குறைந்த வாரங்களிலும் இத்தனை நாள் நிச்சயம் என்று ஒரு வரையறை வைக்கலாம் என்று சொன்னார். பெரிய விடுதியாயின் யாரிடம் போய் இதைப் பேசியிருப்போம்?

இப்படிப்பட்ட பயணம் வாசகர்களில் சிலருக்கும் வாய்க்கலாம். எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். படத்தை நம்புமுன் தொலைபேசியில் பேசுங்கள். படிகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். “சில” என்பது எண்ணிக்கையன்று. தண்ணீர்த் தாங்கி உண்டா, வரிகள் சேர்ந்த முழுத்தொகை என்ன, அது அமெரிக்க டொலரா கிழக்குக் கரிபியன் டொலரா என்று கேளுங்கள். ஓர் அமெரிக்க டொலருக்கு 2.70 என்ற வீதம் 1976 முதல் மாறவில்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் குரோஸ் ஈலே போன்ற ஊர்களில் தெருவே திருவிழாவாகும். உறக்கம் வேண்டுவோர் அதையும் எண்ணிக்கொள்க. கடற்கரைகள் பொதுமக்களுக்கு உரியவை. கடலுக்காக மட்டும் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் குறையை யாரிடம் சொல்வது, அவர்களுடைய குறையை யார் உங்களிடம் சொல்வார் என்று பாருங்கள். இரண்டுக்கும் இடமுள்ள இடமே வீடு.

புறப்படும் காலையில் எங்களில் மனைவி படுக்கையை விரிக்கவில்லை. விரிப்புகளையும் உறைகளையும் கழற்றிக் கட்டிலின் காலடியில் ஒன்றாகச் சுருட்டி வைத்தார். அறை துடைப்பவருக்கு விருந்தினர் செய்யக்கூடிய உண்மையான உதவி அதுதானாம். பணத்தை மேசையில் விட்டுச் செல்லாமல், அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, பெயர் சொல்லி நன்றி கூறினார்.

அவ்வாண்டு ஜூலை முதலாம் நாள், பெரில் என்னும் பெரும்புயல் தெற்கேயுள்ள கரியக்கூத் தீவைத் தாக்கியது. செய்தி கேட்டதும் நாங்கள் சூஃப்ரியேருக்குத் தொலைபேசி எடுத்தோம். பலமுறை முயன்றபின் இணைப்புக் கிடைத்தது. கூரை இருக்கிறதா, எல்லாரும் நலமா, தாங்கி விழவில்லையே என்று ஒரே மூச்சில் கேட்டோம். மறுமுனையில் பதில் இல்லை. பதறிவிட்டோம். பிறகுதான் நினைவு வந்தது.

“காலை வணக்கம்” என்றோம்.

“காலை வணக்கம்” என்றார் அந்த அம்மையார். “கூரை இருக்கிறது. எல்லாரும் நலம். சேவலும் நலம்.”